தும்பைக்குத் தண்ணீர் மட்டும்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு குற்றத்திலிருந்து பிறந்தது. குற்றம் செய்தவன் நான். பாதிக்கப்பட்டவள் என் அக்கா. தடயம் இரண்டு சாக்கு மூட்டை. பெரிதாக எதையும் எதிர்பார்த்துவிடாதீர்கள், யாரும் சாகவில்லை. அறுபது செடிகள் செத்தன, அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று எழுதியதற்கே அக்கா என்னை முறைக்கப்போகிறாள்.

கதை எழுதுவது எனக்குப் பொழுதுபோக்கு. சோறு போடுவது அச்சகம். முப்பது வருஷமாகப் பிழை திருத்துகிறேன். தேவையில்லாத ஒரு சொல்லைக் கண்டால் விரல் துறுதுறுக்கும், சிவப்புப் பேனாவால் அடித்தால்தான் மூச்சு சீராகும். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதுவரை பத்தொன்பது கதை எழுதியிருக்கிறேன். அவற்றில் பதினொரு இடத்தில் 'தும்பைப்பூ போல' என்று வருகிறது. உட்கார்ந்து எண்ணினேன். தும்பைப்பூ போன்ற சட்டை, தும்பைப்பூ போன்ற நரை, தும்பைப்பூ போன்ற மனசு, ஒரு கதையில் தும்பைப்பூ போன்ற குளிர்சாதனப் பெட்டிகூட. ஆனால் தும்பையை நான் பார்த்ததே இல்லை. மல்லிகைக்கு ஒன்றுவிட்ட அக்கா மாதிரி ஏதோ ஒரு பூ, கொடியில் பூக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாசகர்கள் யாரும் கேட்கவில்லை. அவர்களும் பார்த்ததில்லை போலிருக்கிறது.

2

எப்படித் தொடங்குவது என்று நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

முதல் முயற்சி: "பனியில் நனைந்த அந்தச் சிறு வெண்மலர், காலத்தின் மௌன சாட்சியாக"

போதும். இதற்கு மேல் எழுதினால் எனக்கே குமட்டும். ஆனாலும் அடிக்காமல் விட்டிருக்கிறேன். இந்தக் கதையில் நான் எதையும் அடிப்பதாக இல்லை. காரணம் நான்காம் பகுதியில் வருகிறது.

இரண்டாம் முயற்சி: "நூலகத்தின் பின்பக்கத் தோட்டத்தில் அவள் மண்வெட்டியோடு நின்றாள்."

இதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். "நான் எப்படா லைப்ரரில வேலை பாத்தேன்?" என்றாள்.

அக்கா வேலை பார்ப்பது ஒரு கண் ஆஸ்பத்திரியில். அங்கேதான் எனக்குச் சிக்கல். கண்ணெதிரே இருந்த பூ கண்ணுக்குத் தெரியாத ஒருவனின் கதை கண் ஆஸ்பத்திரியில் நடந்தது என்று எழுதினால், நீங்கள் என்ன சொல்வீர்கள்? வேண்டுமென்றே வைத்திருக்கிறான், ரொம்பப் புத்திசாலி என்று நினைப்பு, என்பீர்கள். அதனால்தான் நூலகமாக மாற்றினேன். அக்காவுக்கு இந்தச் சங்கடமெல்லாம் புரியவில்லை. நடந்த இடத்தை எழுதுவதற்கு உனக்கு ஏன் வெட்கம் என்று கேட்டாள். ஆகவே கண் ஆஸ்பத்திரிதான். மன்னியுங்கள்.

3

அக்காவுக்கு ஐம்பத்தேழு வயது. எனக்கு நான்கு வயது மூத்தவள். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஆஸ்பத்திரித் தோட்டக்காரி. தோட்டம் என்றால் ஒரு புல்தரை, முழங்கால் உயரத்துக்கு வெட்டிய வேலிச்செடி, மாதம் ஒருமுறை நர்சரி வண்டி கொண்டுவந்து இறக்கும் பூத்தொட்டிகள். அக்கா நடுவாள், வாடும், வண்டி மறுபடி வரும்.

மழை பெய்த பத்தாம் நாள் புல்தரையில் தும்பை தானாக முளைக்கும். யாரும் விதைப்பதில்லை. அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்குவாள். அதுதான் அவளுக்கு இட்ட உத்தரவு. வருஷத்துக்கு ஆயிரம் செடியாவது போகும்.

போன வருஷம் ஒருநாள் பிடுங்கிய செடி கையில் இருக்கும்போதே ஒரு பட்டாம்பூச்சி வந்து அதில் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் வண்டியில் வந்த பூக்கள் இருநூறு வரிசையாக நிற்கின்றன. அதையெல்லாம் விட்டுவிட்டு, அவள் கையிலிருந்த களைக்கு வந்திருக்கிறது. அக்கா இதைப் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. 'கை கொஞ்சம் கூசிப்போச்சு' என்று மட்டும் சொன்னாள். அடுத்த வருஷம் அவளுக்கு ஓய்வு. அதற்குள் ஒரு பாத்தியிலாவது இதை வளர்த்துப் பார்த்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள்.

இங்கே நிர்வாக அதிகாரி வருகிறார். அக்கா வைத்த பெயர் டைல்ஸ் சார். மண்ணைப் பார்த்தால் அவருக்கு டைல்ஸ் ஞாபகம் வந்துவிடும். முன்வாசல், பின்வாசல், மரத்தடி எல்லாவற்றுக்கும் பதித்தாகிவிட்டது. கெட்டவர் இல்லை. கண் ஆஸ்பத்திரியில் தூசி பறக்கக் கூடாது என்ற அவருடைய கவலையும் நியாயம்தான். காத்திருப்போர் கூடத்துக்கு வெளியே பன்னிரண்டடி நீளம், நாலடி அகலத்தில் ஒரு துண்டு மண் மிச்சமிருந்தது. இருசக்கர வண்டி நிறுத்த அதையும் மூடுவதாகத் திட்டம். அதைத் தும்பைக்கு விட்டுவையுங்கள் என்று அக்கா போய்க் கேட்டாள். அவர் யோசித்துவிட்டு ஒரு கெடு வைத்தார். மூன்று மாதம் கழித்து வருகிற முதல் திங்கட்கிழமை நிர்வாகக் குழு சுற்றிப் பார்க்க வரும். அன்றைக்கு அந்த இடம் தோட்டம் மாதிரி இருந்தால் இருக்கட்டும். புதர் மாதிரி இருந்தால் டைல்ஸ்.

பஸ் டிப்போ மதில் ஓரத்தில் காய்ந்து நின்ற தும்பையிலிருந்து விதை உதிர்த்து வந்து, விதைத்து, அறுபது செடிகளை முழங்கால் உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். டைல்ஸ் சாருக்காக ஓரத்தில் ஒரு வரிசை சாமந்தியும் வைத்தாள். தும்பை பூக்கத் தொடங்கிய மூன்றாம் வாரத்தில், படியில் கால் பிசகி, கணுக்கால் பந்து மாதிரி வீங்கிவிட்டது. பத்து நாள் படுக்கை.

எனக்கு போன் பண்ணினாள். "தண்ணி மட்டும் ஊத்து. வேற எதையும் தொடாதே."

இரண்டு தடவை சொன்னாள். என்ன செடி என்று நான் கேட்கவில்லை.

4

[இந்தப் பகுதியை எழுதிவிட்டு, கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டேன். பிறகு வெட்கப்பட்டு எடுத்து நீவி வைத்திருக்கிறேன். மடிப்புகள் தெரிந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.]

மூன்றாம் நாள் காலை. அச்சகம் போகிற வழியில் நுழைந்தேன். பூவாளியில் தண்ணீர் பிடித்தேன். பாத்தியைப் பார்த்தேன். ஓரத்தில் சாமந்தி ஒழுங்காக, மஞ்சளாக, வரிசையாக நின்றது. அதற்குப் பின்னால் ஒரே காடு. பாவம் அக்கா, கால் வீங்கிக் கிடக்கிறாள், அதற்குள் களை மண்டிவிட்டதே என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. விரல் துறுதுறுத்தது.

பூ இருந்ததா? இருந்தது. பார்த்தேனா? பார்த்தேன். செடியில் ஆங்காங்கே வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பஞ்சு என்று நினைத்தேன். கண் ஆஸ்பத்திரியில் பஞ்சு பறக்காதா என்ன?

முக்கால் மணி நேரத்தில் அறுபதையும் பிடுங்கி இரண்டு சாக்கில் அடைத்தேன். வேரோடு வந்தன, மழை ஈரம். சாமந்தி மட்டும் பளிச்சென்று நின்றது. ஒரு பக்கம் முழுக்கப் பிழை திருத்தி முடித்த நிம்மதி எனக்கு. போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். 'எப்படி இருக்கு?' என்று கீழே வேறு போட்டேன்.

மத்தியானம்தான் பதில் வந்தது: 'சுத்தமா இருக்கு.'

நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அன்று அச்சகத்தில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். இதையும் அடிக்காமல் விடுகிறேன்.

5

இரண்டு நாள் அக்காவிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். டிவி ஓடியது, அவள் பார்க்கவில்லை. என்ன கோபம் என்று கேட்டேன். போனை எடுத்து, அடிபடுவதற்கு முந்தின நாள் எடுத்த படத்தைக் காட்டினாள். அதே பாத்தி. அதே காடு.

"இது என்ன பூ, அக்கா?"

"தும்பை."

பதினொரு இடம். பதினொன்றும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தது, குளிர்சாதனப் பெட்டி உட்பட. பழப்பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். ஐம்பத்துமூன்று வயசு ஆள் அழுவதை எழுதக் கூடாது, வாசகருக்குக் கூச்சமாக இருக்கும் என்று ஒரு நினைப்பு உண்டு. இருக்கட்டும், கூச்சப்படுங்கள். நான் அழுதேன்.

அக்கா டிவியை அணைத்தாள். "நான் பிடுங்காததையா நீ பிடுங்கிட்டே," என்றாள். பிறகு, "மூட்டை எங்க?" என்று கேட்டாள்.

ஒரு மூட்டை குப்பை வண்டியில் போய்விட்டது. இன்னொன்றை, ஜெனரேட்டர் அறைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க, யாரோ முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் புண்ணியவான் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. மறுநாள் அக்கா நொண்டிக்கொண்டே வந்தாள். பாத்தி ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, அச்சகத்திலிருந்து நான் கொண்டுவந்த கழிவுத்தாளை விரிக்கச் சொன்னாள். தும்பைத் தண்டில் கணுவுக்குக் கணு உருண்டை உருண்டையாக இருக்கும். மேல் உருண்டைகள் பச்சை, அடியில் இருப்பவை காய்ந்த பழுப்பு. அந்தப் பழுப்பைக் கசக்கி உதறினாள். சின்னச் சின்னக் கறுப்பு விதைகள் தாள் முழுக்கக் கொட்டின.

பிறகு குழாயடிக்குப் போனவள் என்னைக் கூப்பிட்டாள். சுருட்டித் தொங்கவிட்ட ரப்பர் குழாய்க்குப் பின்னால் ஒரே ஒரு செடி நின்றது. என் கண்ணில் படாமல் தப்பித்தது. ஏழு பூ.

வாழ்க்கையில் முதல்தடவை தும்பைப்பூவைப் பார்த்தேன். சின்னது. என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. கீழுதடு மட்டும் அகலமாக நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டால் சட்டென்று கையோடு வந்துவிடும். வெள்ளை மட்டும் பொய் இல்லை. என் பதினொரு சட்டை, நரை, பெட்டி எதுவும் அந்த வெள்ளைக்குப் பக்கத்தில் வராது.

(குறிப்பு மாதிரி ஒன்று. பழைய இலக்கணத்தில், இரு தரப்பும் நேருக்கு நேர் நின்று மோதும் போருக்கு இந்தப் பூவின் பெயர்தான். வீரர்கள் இதைச் சூடிக்கொண்டு களத்துக்குப் போவார்களாம். அக்காவிடம் சொன்னேன். "இத்தனூண்டு பூவைச் சூடிக்கிட்டா சண்டைக்குப் போனாங்க?" என்று சிரித்தாள். பிறகு யோசித்து, 'தொட்டா உதிர்ந்துடுமே, ரொம்ப ஜாக்கிரதையாத்தான் சண்டை போட்டிருப்பாங்க' என்றாள். பாட்டுகளில் இருக்கிறது, பேச்சில் இருக்கிறது, இலக்கணத்தில் இருக்கிறது. மண்ணில் முளைத்தால் மட்டும் பிடுங்கிவிடுகிறோம்.)

6

விதை கிடைத்துவிட்டது, அன்றைக்கே விதைத்தும் விட்டோம், சந்தோஷம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். குழு வர இன்னும் பதினெட்டு நாள். முளைக்க ஒரு வாரம். பூக்க அதற்கு மேல் ஒன்றரை மாதம். திங்கட்கிழமை அங்கே நிற்கப்போவது பூ இல்லை, விரலளவு பச்சை. பார்க்கிறவர்களுக்கு அசல் களை.

"நீதானே எழுதுறவன்? ஒரு போர்டு எழுதிக் கொடு," என்றாள் அக்கா.

முதலில் எழுதியது முந்நூறு சொல். பூவின் பெருமை, இலக்கணம், பட்டாம்பூச்சி எல்லாம் வைத்தேன். அக்கா படித்துவிட்டு, இதை முடிக்கிறதுக்குள் பார்வையே போய்விடும் என்றாள். இரண்டாவது: "மண்ணின் மடியில் உறங்கும் வெண்ணிறக் கனவுகள்" என்று தொடங்கிற்று. அதை அவள் முழுக்கக் கேட்கவே இல்லை. எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

கடைசியில் நின்றது இதுதான்:

இங்கே
தும்பை விதைத்திருக்கிறோம்.
பூக்க இன்னும் ஒன்றரை மாதம் ஆகும்.
தயவுசெய்து பிடுங்க வேண்டாம்.

இதில் 'இங்கே' தேவையில்லை. அங்கேயே நிற்கிற பலகைக்கு 'இங்கே' எதற்கு? பேனாவை எடுத்தேன். அக்கா என் கையைப் பார்த்தாள். பேனாவைச் சட்டைப்பையில் போட்டுவிட்டேன்.

பெயிண்டரிடம் எப்படி எழுதச் சொல்வது என்பது மட்டும் அக்காவின் யோசனை. அவள் இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கட்டடத்தில் பார்த்த எழுத்து ஒன்றே ஒன்றுதான். பரிசோதனை அறைச் சுவரில் தொங்கும் அட்டை, மேலே பெரிய எழுத்து, வரவரச் சின்னது. அதே மாதிரி எழுதச் சொன்னாள். 'இங்கே' என்பது உள்ளங்கை அளவு. 'பிடுங்க வேண்டாம்' எறும்பு அளவு.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். காத்திருப்போர் கூடத்திலிருந்து ஆட்கள் சும்மா எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவுடன் படிக்கத் தொடங்கினார்கள். அங்கே வருகிற யாருக்கும் அந்த வடிவத்தைக் கண்டால் தன் கண்ணைச் சோதித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. மூன்றாம் வரி வரைக்கும் வருகிறது, நாலாவது வரவில்லை என்று ஒருவர். எனக்கு நாலும் வருகிறது என்று இன்னொருவர் பெருமையாக. வராதவர்கள் கிட்டே போனார்கள். கிட்டே போனால் பாத்தி. பாத்தியில் கடுகளவு இரண்டிரண்டு இலையாக முளை. புதிதாக ஆபரேஷன் ஆனவர்கள் குனியக் கூடாது, அதனால் அக்கா அவர்களை அதட்டி நிறுத்திவிட்டு, கூட வந்தவர்களைக் குனிந்து பார்த்துச் சொல்லச் சொன்னாள். ஒரு மனைவி குனிந்து எண்ண, கறுப்புக் கண்ணாடி போட்ட கணவர் நிமிர்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

7

அந்தக் கணவரைப் பற்றி ஒரு சந்தேகம்.

நான் அவரைச் சலவைக்கடைக்காரராக எழுதினேன். நாற்பது வருஷமாகக் கடைப் பலகையில் 'தும்பைப்பூ வெளுப்பு' என்று எழுதி வைத்திருப்பவர், பூவைப் பார்த்ததே இல்லாதவர். குழாயடிச் செடியிலிருந்து அக்கா ஒரு பூவை எடுத்து அவர் உள்ளங்கையில் வைக்கிறாள். அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இத்தனூண்டா?" என்கிறார். பிறகு, "நாப்பது வருஷமா கொஞ்சம் அதிகமாத்தான் சொல்லிட்டேன்," என்கிறார்.

பிரச்சினை என்னவென்றால், கறுப்புக் கண்ணாடிக் கணவர் நிஜம். சலவைக்கடை என் கைச்சரக்கு. என் குற்றத்தைப் பங்கு போட்டுக்கொள்ள ஒரு கூட்டாளி வேண்டும் என்று நானே சேர்த்துக்கொண்டேன். இது தப்பாட்டம். எடுத்துவிடுகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன்.

"எடுக்காதே," என்றாள். "அந்த மாதிரி ஒருத்தர் எப்பவாவது வராமலா இருப்பாரு? வரும்போது இடம் இருக்கட்டும்."

ஆகவே அவர் இருக்கிறார். நீங்கள் சலவைக்கடை வைத்திருந்தால், இந்தப் பத்தி உங்களுக்கு.

8

நேற்று, சனிக்கிழமை, டைல்ஸ் சார் வந்தார். பாத்தியைச் சுற்றி எட்டுப் பேர் நிற்பதைப் பார்த்து என்ன தகராறு என்று கேட்டுக்கொண்டேதான் வந்தார். பலகையைப் படித்தார். மூன்றாம் வரியில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். கிட்டே போய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, நாலாவது வரியையும் படித்தார். நிமிரவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் முளைகளைப் பார்த்தார்.

"இதுதானாம்மா அது?" என்று கேட்டார்.

"இதுதான் சார்."

நிமிர்ந்து, திரும்பி நடந்தார். டைல்ஸ் பெட்டிகள் நாற்பது ஜெனரேட்டர் அறை ஓரத்தில் அடுக்கித்தான் இருக்கின்றன. போகிறபோது அவற்றை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன்.

9

இன்று ஞாயிறு. குழு நாளை வருகிறது. கதைக்கு முடிவு வேண்டும். மூன்று எழுதி வைத்திருந்தேன்.

(அ) குழுவில் மூத்த டாக்டரம்மா நான்கு வரியையும் தூரத்திலிருந்தே படித்துவிட்டு, பாத்தி இருக்கட்டும் என்கிறார். எல்லோரும் கை தட்டுகிறார்கள்.

(ஆ) டைல்ஸ் பதித்துவிடுகிறார்கள். அக்கா ஓய்வு பெறுகிறாள். அடுத்த மழையில் இரண்டு டைல்ஸுக்கு நடுவிலிருந்து ஒரு தும்பை

(இ) குழு வரவே இல்லை. கூட்டம் தள்ளிவைக்கப்படுகிறது. தள்ளித் தள்ளிப் போய், அதற்குள் பூத்துவிடுகிறது.

மத்தியானம் பாத்தி ஓரத்தில் வைத்து அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். முதலாவது சினிமா என்றாள். இரண்டாவது சும்மா மனசைத் தேற்றிக்கொள்வது, டைல்ஸ்காரர்கள் இப்போதெல்லாம் இடுக்கே விடுவதில்லை என்றாள். மூன்றாவது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன், ஆனால் சொல்லவில்லை. நான்காவதாக ஒன்று யோசிக்கட்டுமா, இரண்டாவதை வேண்டுமானால் அடித்துவிடவா என்று கேட்டேன்.

அவள் குனிந்து ஒரு முளையைச் சுற்றி மண்ணை விரலால் அணைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"முடிவு எழுதுறேன்னு மறுபடி எதையாவது பிடுங்கிடாதே. தண்ணி மட்டும் ஊத்து. வேற எதையும் தொடாதே."

ஊற்றினேன். பூவாளியைத் தாழப் பிடித்து, முளை சாயாமல், சாமந்திக்குக் கொஞ்சம், தும்பைக்கு நிறைய. ஊற்றிக்கொண்டே எண்ணினேன். நான் பிடுங்கியது அறுபது. முளைத்திருப்பது நூற்று நாற்பத்து மூன்று. எண்ணிக்கையில் தவறு இருக்காது, பிழை திருத்துகிறவன் எண்ணியது. அவளிடம் சொன்னேன். தெரியும் என்றாள். அவள் காலையிலேயே எண்ணிவிட்டாளாம்.

திங்கட்கிழமை காலை, குழுவினர் பாத்தியருகே வந்து நின்று, மேல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கி,

இதற்கு மேல் நான் தொடவில்லை. தொட்டால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கீழே நிறைய இடம் விட்டிருக்கிறேன். பூவாளியில் பாதித் தண்ணீர் இருக்கிறது. பெஞ்சுக்குப் பக்கத்தில், கைப்பிடி உங்கள் பக்கம் இருக்கும்படி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.